நாவலை இளைக்க வைக்க லிப்ரெஆபிஸ் ரைட்டர்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

ராமநாதபுரம் கடற்கரையை வைத்து எழுதப்படும் நாவல் முதல் வரைவில் பெருத்துப்போவது இயல்புதான். எழுத அத்தனை இருக்கிறது. வடகடலுக்கு (பாக் விரிகுடா) ஒரு சுபாவம், தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) ஒரு சுபாவம். கரைவலை இழுப்பவர்கள், விசைப்படகுக்காரர்கள், தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போகும் பெண்கள், கருவாட்டு வியாபாரம், கீழக்கரையின் பழைய மரக்கல வணிகம், தனுஷ்கோடி. எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்போது கைப்பிரதி 1,20,000 சொல்லைத் தொட்டிருக்கும். அச்சில் அது 530 பக்கத்துக்கு மேல். பதிப்பாளர் 400 பக்கத்துக்குள் முடிக்கச் சொல்வார். கதையை ஊன்றிப் படிக்கும் நண்பரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் சொல்வார்.

அந்த 130 பக்கத்தை வெட்டி எடுக்கும் வேலைக்கு லிப்ரெஆபிஸ் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள் எவ்வளவு தாங்கும் என்பதுதான் இங்கே பார்க்கப்படுகிறது. கடிதம் தட்டச்சு செய்வதற்கு அது எப்படி என்பதை வேறு யாராவது எழுதட்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: தமிழ் நாவலைக் குறைக்க இது போதும். காசு கொடுத்து வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை. ஆனால் தமிழுக்கென்று சில அமைப்புகளை முதலில் சரிசெய்யாவிட்டால் பாதி வசதிகள் வேலை செய்யாது.

ஓப்பன்ஆபிஸிலிருந்து 2010-இல் பிரிந்து வந்த மென்பொருள் இது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 4 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினியிலும் ஓடும். எல்லாவற்றையும்விட, இணையம் இல்லாமல் ஓடும். பாம்பனுக்கு அப்பால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் ஊர்களில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

கூகுள் டாக்ஸ் போதாதா என்று பலர் கேட்பார்கள். சிறுகதைக்குப் போதும். நாவலுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு கோப்பில் 10.2 லட்சம் எழுத்துக்குறிகள் வரைதான் டாக்ஸ் ஏற்கும். ஆங்கிலத்தில் அந்த எல்லையைத் தொடுவது கடினம், தமிழில் எளிது. 'வந்தான்' என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு: வ, ந, புள்ளி, த, துணைக்கால், ன, புள்ளி. 'கடற்கரையில்' என்பதில் பதினொன்று. இடைவெளியையும் சேர்த்துச் சொல்லுக்கு ஒன்பது என்று வைத்தால்கூட 1,20,000 சொல் 10.8 லட்சம் ஆகிவிடுகிறது. பெருத்த நாவல் ஒரே கோப்பாக அதில் அடங்காது. ரைட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

எதை வைத்து அளப்பது

வேலையைத் தொடங்கும்முன் அளவுகோலைத் தீர்மானியுங்கள். ரைட்டரின் அடிப்பட்டையில் சொல் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். அதை மட்டும் நம்பக் கூடாது. 'போய்க்கொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், 'போய்க் கொண்டிருந்தான்' என்று பிரித்தால் இரண்டு. பிரித்து எழுதும் பழக்கம் உள்ளவரின் நாவல் சொல்கணக்கில் வீங்கித் தெரியும். அதைச் சேர்த்து எழுதினாலே சில ஆயிரம் சொற்கள் குறைந்ததுபோல் இருக்கும், ஆனால் பக்கம் குறைந்திருக்காது.

தமிழ்ப் பதிப்புத் துறை பக்கத்தில்தான் பேசுகிறது. ஆகவே ரைட்டரின் பக்கத்தையே டெமி அளவுக்கு மாற்றிவிடுங்கள். ஃபார்மட் மெனுவில் பேஜ் ஸ்டைல், அகலம் 5.5 அங்குலம், உயரம் 8.5 அங்குலம். மேலும் கீழும் 0.75 அங்குலம் விளிம்பு, எழுத்து 11 பாயின்ட், வரி இடைவெளி 16 பாயின்டில் நிலையாக. இப்படி வைத்தால் பக்கத்துக்கு 31 வரி வரும். பதிப்பகத்தின் வடிவமைப்பு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் எந்த நேரத்திலும் புத்தகம் எத்தனை பக்கத்தில் நிற்கிறது என்று கண்ணெதிரே தெரியும்.

பக்கக் கணக்கில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஆஃப்செட்டில் அச்சாகும் புத்தகம் பாரம் பாரமாக, அதாவது ஒரே பெரிய தாளில் பல பக்கங்களாக, ஓடும். டெமியில் ஒரு பாரம் 16 பக்கம். 532 பக்க நாவல் என்றால் 33 பாரம் போக 4 பக்கம் மீதி. அந்த 4 பக்கத்துக்காக இன்னொரு பாரமோ அரைப் பாரமோ ஓட்ட வேண்டும். 400 பக்கம் என்பது சரியாக 25 பாரம். தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், முன்னுரை எல்லாம் அந்த 400-க்குள்தான் அடங்க வேண்டும். அதனால் கதைக்கு 388 அல்லது 390 பக்கம் என்று இலக்கு வைப்பதே நல்லது. தேவைக்கேற்ப அச்சடிக்கும் முறையில் போகிறவர்கள் பாரக் கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தமிழுக்கான அமைப்பு

டூல்ஸ் மெனுவின் ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புகளுக்குப் போய், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரைட்டர் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவும் தமிழுக்கு ஒரு எழுத்துருவும் தனித்தனியாக வைத்திருக்கும். ஸ்டைலுக்குள் போய் எழுத்தளவை மாற்றியும் தமிழ் அப்படியே இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் மேலே உள்ள ஆங்கிலப் பகுதியை மாற்றியிருப்பார்கள். காம்ப்ளெக்ஸ் அல்லது சி.டி.எல். என்று போட்டிருக்கும் பகுதியில் மாற்றினால் சரியாகிவிடும். நோட்டோ செரிஃப் தமிழ் இலவச எழுத்துரு, நாள் முழுக்கப் படித்தாலும் கண்ணை உறுத்தாது.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கைப்பிரதி என்றால் முதல் வேலை யூனிகோடுக்கு மாற்றுவது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் இதற்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. மாற்றிய பிறகு இரண்டு இடங்களில் பிழை ஒளிந்திருக்கும். ஒன்று, 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் இருப்பது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. இரண்டாவது, 'கொ' போன்ற எழுத்தின் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாக நிற்பது. இதுவும் திரையில் சரியாகவே தெரியும். ஆனால் 'கொண்டு' என்று தேடும்போது அந்த இடங்கள் விடுபட்டுப்போகும். இரண்டையும் தேடி மாற்றும் பெட்டியில் ஒரே தடவையில் திருத்திவிடலாம். இதைச் செய்யாமல் வெட்டும் வேலையில் இறங்கினால் பின்னால் வரும் தேடல்கள் எல்லாமே பொய்க்கணக்கு காட்டும்.

மின்சாரம் போய் வரும் ஊர் என்றால் ஆப்ஷன்ஸில் லோட்/சேவ் பகுதிக்குப் போய்த் தானியங்கிச் சேமிப்பை 5 நிமிடத்துக்குக் குறைத்து, பேக்கப் காப்பி உருவாக்கும் கட்டத்தையும் டிக் செய்துவிடுங்கள். கோப்பு .ஓடிடி வடிவத்திலேயே இருக்கட்டும். பதிப்பகத்துக்கு அனுப்பும் நாளில் மட்டும் வேர்ட் வடிவத்தில் ஒரு பிரதி எடுத்தால் போதும்.

பெரிய வெட்டு: நேவிகேட்டர்

வாக்கியத்தில் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதல் அத்தியாயத்திலிருந்து சொல் சொல்லாகச் செதுக்கிக்கொண்டே போவார்கள். இருபது நாள் உழைத்துப் பளபளப்பாக்கிய அத்தியாயம் மொத்தமாகவே தேவையில்லை என்று பிறகு தெரியவரும். அப்போது மனம் வராது. அதனால் பெரியதிலிருந்து சிறியதற்கு வர வேண்டும்: அத்தியாயம், காட்சி, பத்தி, வாக்கியம். 132 பக்கம் குறைய வேண்டும் என்றால் ஏறக்குறைய 60 பக்கத்தை அத்தியாய அளவிலும், 35 முதல் 40 பக்கத்தைக் காட்சிகளின் தலையிலும் வாலிலும், மீதியை வாக்கியத்திலும் எடுக்கத் திட்டமிடுங்கள். மொத்தத்தையும் வாக்கியத்திலேயே எடுக்கப் பார்த்தால் நடை எலும்பாகிவிடும், கதை அதே பழைய பருமனில் இருக்கும்.

ரைட்டரின் மிகச் சிறந்த பகுதி இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பிலும் நின்று கன்ட்ரோலும் 1-ம் அழுத்துங்கள், அது முதல்நிலைத் தலைப்பாகிவிடும். ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் ஒரு தற்காலிகத் தலைப்பு அடித்து கன்ட்ரோலும் 2-ம் அழுத்துங்கள். அந்தத் தலைப்பு காட்சியில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லட்டும்: 'பாசி எடுக்கும்போது மோதிரம் தொலைகிறது', 'சம்மாட்டி முன்பணம் தர மறுக்கிறார்' என்பதுபோல. பிறகு எஃப்5. பக்கத்தில் நேவிகேட்டர் திறக்கும், முழு நாவலும் ஒரு பட்டியலாக நிற்கும்.

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். தலைப்பில் ஒரு வினைச்சொல் போட முடியாமல் 'பாம்பன் பாலம் பற்றி', 'கருவாடு பற்றி' என்று நிற்கும் காட்சிகளில் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். ஒரே சண்டை மூன்று இடத்தில் வந்திருக்கும். ஒரே செய்தியை மகனும் அண்ணனும் பங்குத்தந்தையும் தனித்தனியாகக் கேள்விப்படும் மூன்று காட்சிகள் இருக்கும். ஒருவர் கேட்டால் போதும், மற்ற இருவருக்கும் தெரிந்துவிட்டது என்பதை அடுத்த காட்சியின் நடத்தையிலேயே காட்டிவிடலாம்.

நேவிகேட்டரில் தலைப்பின் மேல் வலது சொடுக்கி, செலக்ட் என்று கொடுத்தால் அந்தப் பகுதி முழுவதும் தேர்வாகும். எத்தனை சொல் என்று அடிப்பட்டை காட்டும். எல்லா அத்தியாயங்களின் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் மூவாயிரம் சொல்லில் இருக்க ஒன்று மட்டும் எட்டாயிரம் என்றால் அங்கே கதை நின்று தகவல் பேசுகிறது. தலைப்பைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் அதன் கீழ் உள்ள உரை முழுவதும் கூடவே நகரும். வெட்டி ஒட்டும்போது பத்தி விட்டுப்போகும் விபத்துக்கே இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. அத்தியாயங்களை நகர்த்தி முடிக்கும்வரை மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதியை ஆன் செய்யாதீர்கள். பதிவு ஓடும்போது நகர்த்தினால் பழைய இடத்தில் அத்தியாயம் முழுவதும் கோடு போட்டும் புதிய இடத்தில் நிறம் மாறியும் நிற்கும். நாவல் இரண்டு மடங்காகத் தெரியும், எது உயிரோடு இருக்கிறது என்றே புரியாது.

இந்தக் கரையில் எது வெட்டுப்பட வேண்டும்

மென்பொருள் இடத்தைத்தான் காட்டும், எதை எடுப்பது என்பது எழுதுபவரின் முடிவு. இந்தக் கரையின் நாவல்களில் கொழுப்பு சேரும் இடங்கள் சில உண்டு.

முதலாவது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல், பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்ட ரயில், உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீரமைத்தது எல்லாம் வாசகருக்குத் தெரிந்தவை. அதை எட்டுப் பக்கம் வரலாறாகச் சொன்னால் கதாபாத்திரம் அந்த எட்டுப் பக்கமும் காணாமல்போகிறது. நாவலில் யாருக்கோ அந்த இரவில் இழப்பு இருந்தால் அந்த இழப்பை மட்டும் வையுங்கள். யாருக்கும் இல்லையென்றால் அந்த எட்டுப் பக்கம் போகலாம்.

இரண்டாவது, தொழில் விவரம். பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதும்போது மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று வகை, விலை, பயன் எல்லாம் மூன்று பத்தி வந்துவிடும். உழைத்துச் சேர்த்த தகவல், விட மனம் வராது. ஆனால் பாறையில் கை கிழியாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறாள் என்ற ஒரே வரி அந்த மூன்று பத்தியின் வேலையையும் செய்துவிடும். அவள் சுற்றிய துணி யாருடைய பழைய சேலை என்று இன்னொரு வரி சேர்த்தால் அது கதையாகவும் ஆகிவிடும்.

மூன்றாவது, வட்டாரச் சொல்லுக்குப் பக்கத்திலேயே பொருள் சொல்வது. 'சம்மாட்டி என்று அழைக்கப்படும் படகு உரிமையாளர்', 'மடி எனப்படும் வலையின் பைப்பகுதி'. இந்தத் தொடர்களை மொத்தமாகப் பிடிக்க 'அழைக்கப்படு', 'எனப்படு' என்று தேடினால் போதும். அச்சொல் காட்சியில் புழங்கும் விதத்திலேயே பொருள் புரியும்படி செய்யுங்கள். அப்படியும் புரியாத இருபது முப்பது சொற்களுக்குப் புத்தகத்தின் கடைசியில் இரண்டு பக்கம் சொற்பட்டியல் போதும்.

வெட்டிய எதையும் அழிக்க வேண்டாம். 'வெட்டியவை' என்று ஒரு தனிக் கோப்பு வைத்து, எந்த அத்தியாயத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு அதில் ஒட்டுங்கள். அது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் கை துணிந்து வெட்டும்.

வெட்டியபின் உடையும் இடங்கள்

அத்தியாயத்தை இடம் மாற்றினால் பருவமும் மாறும். இந்தக் கரையில் அதை மறைக்க முடியாது. வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் காற்று அடிக்கும் மாதங்களில் அது தலைகீழ். மார்கழியில் நடந்த காட்சியை ஆனிக்கு நகர்த்திவிட்டு உள்ளே 'வாடை' என்ற சொல்லை விட்டுவைத்தால் மண்டபத்தில் படிக்கிற ஒருவர் அந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார். வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று காற்றுப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி, நிற்கும் இடத்தில் மாதம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மீன்பிடித் தடைக்காலமும் அப்படியே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. 2017-க்கு முன்பு அது 45 நாள். 2001-க்கு முன்னால் நடக்கும் கதை என்றால் தடைக்காலம் என்ற பேச்சே வரக் கூடாது. இதேபோல, காலத்தைச் சொன்ன ஒரு பத்தியை வெட்டியதால் பேருந்தில் பாம்பனைக் கடக்கும் காட்சி 1988-க்கு முன்னால் போய் விழுந்துவிடலாம். அந்த ஆண்டில்தான் சாலைப் பாலம் திறந்தது, அதுவரை ரயிலோ படகோதான்.

நபர்களின் அறிமுகமும் வெட்டில் போய்விடும். ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரையும் தேடி, முதலில் வரும் இடத்தைப் பாருங்கள். யார் என்று தெரியாமல் ஒரு பெயர் திடீரென்று வந்தால் அறிமுகம் 'வெட்டியவை' கோப்பில் கிடக்கிறது.

காட்சிகளின் தலையும் வாலும் எளிய வேலை. முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் கையால் மறைத்துக்கொண்டு காட்சியைப் படியுங்கள். புரிந்தால் இரண்டையும் எடுத்துவிடலாம். விழித்தெழுவது, வானிலை, தேநீர் குடிப்பது முதல் பத்தியில் இருக்கும். நடந்ததை அசைபோட்டுத் தூங்கப்போவது கடைசிப் பத்தியில்.

தேடலும் சிறிய கத்தியும்

இனி மாற்றங்களின் பதிவை ஆன் செய்யலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. வெட்டுவது எல்லாம் கோடு போட்டு நிற்கும், மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம்.

கன்ட்ரோல் எச் அழுத்தினால் தேடி மாற்றும் பெட்டி வரும். அதில் ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். தமிழுக்கு இது முக்கியம். 'அவன்' என்று புள்ளியோடு தேடினால் 'அவனை', 'அவனுக்கு' எதுவும் வராது, ஏனென்றால் அங்கே புள்ளி இல்லை. புள்ளியை எடுத்துவிட்டு 'அவன' என்று தேட வேண்டும். டிக் இல்லாவிட்டால் எழுத்தின் நடுவில் முடியும் இப்படிப்பட்ட தேடல் விடுபட்டுப்போகும். இன்னொரு வசதி, பல சொற்களை நடுவில் செங்குத்துக் கோடு போட்டு ஒரே தடவையில் தேடலாம்: மெல்ல|மெதுவாக|மிகவும்|சற்றே|ஒருவிதமான|திடீரென. ஃபைண்ட் ஆல் கொடுத்தால் எல்லா இடங்களும் ஒன்றாகத் தேர்வாகி நிற்கும். ரிப்ளேஸ் ஆல் மட்டும் அழுத்தவே கூடாது. 'மெல்ல' என்பதை மொத்தமாக நீக்கினால் வெற்றிலை மெல்லப் போன கிழவியும் போய்விடுவாள்.

தமிழ் உரைநடையில் சதை போடும் சொற்கள் தெரிந்தவைதான். 'நடக்க ஆரம்பித்தான்' என்பதற்கு 'நடந்தான்' போதும், 'ஆரம்பி' என்று தேடுங்கள். 'கொண்டிருந்' என்று தேடினால் தான், தாள், தது எல்லாம் வரும். அவற்றில் பாதிக்கு எளிய இறந்தகாலமே போதும். 'தனக்குள் நினைத்துக்கொண்டான்' என்பதில் வேறு யாருக்குள் நினைப்பது? 'அவனுக்குத் தோன்றியது', 'போல இருந்தது', 'என்பதை உணர்ந்தாள்' ஆகியவை பார்ப்பவருக்கும் காட்சிக்கும் நடுவில் திரை போடுகின்றன. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தேவையில்லாமல் வரும் 'ஒரு' எல்லாவற்றிலும் அதிகம். இரண்டே பேர் பேசும் இடத்தில் ஒவ்வொரு வரிக்கும் 'என்றான்', 'என்று கேட்டாள்' வேண்டாம், விளிப்பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு பத்தியை எடுத்துப் பார்க்கலாம். வெட்டுவதற்கு முன்:

விடியற்காலை நான்கு மணி இருக்கும். வாடைக்காற்று மெல்ல மெல்ல வீச ஆரம்பித்திருந்தது. முனியசாமி கரையில் நின்றபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். கடல் ஒருவிதமான கலக்கத்தோடு இருப்பதுபோல அவனுக்குத் தோன்றியது. இன்றைக்கு வலை வளைக்கலாமா வேண்டாமா என்று தனக்குள் யோசித்துக்கொண்டான். சம்மாட்டி என்று அழைக்கப்படும் படகு உரிமையாளரான செபஸ்தியான் அவனுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னடா, கடல் எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நீரோட்டம் சரியில்ல, சம்மாட்டி" என்று முனியசாமி பதில் சொன்னான்.

வெட்டிய பின்:

நான்கு மணிக்கே வாடைக்காற்று எழுந்துவிட்டது. முனியசாமி கடலைப் பார்த்தபடி கரையில் நின்றான். செபஸ்தியான் பின்னால் வந்து நின்றார்.
"என்னடா, வளைக்கலாமா?"
"நீரோட்டம் சரியில்ல, சம்மாட்டி."

50 சொல் 18 ஆகிவிட்டது. அவன் யோசித்ததைச் சம்மாட்டியின் கேள்வி எடுத்துக்கொண்டது. கடலின் கலக்கத்தை அவன் பதில் எடுத்துக்கொண்டது. சம்மாட்டி யார் என்பதை 'அடா' போட்டுக் கேட்பதும், பதிலில் வரும் மரியாதையும் சொல்லிவிடுகின்றன. எல்லாப் பத்தியும் இவ்வளவு இளைக்காது, இளைக்கவும் கூடாது. உணர்ச்சி கனத்திருக்கும் இடத்தில் நீளம் தேவை. சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பவளின் வரிகளை எண்ணிக்கை பார்த்துக் குறைத்தால் நாவலின் உயிர் போய்விடும்.

குறைகள்

வெட்டுக்கோடுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் பழைய கணினியில் ரைட்டர் தள்ளாடும். பக்கம் நகர்த்தவே நேரம் எடுக்கும். பத்துப் பத்து அத்தியாயமாக முடித்து, கோப்பைத் தேதியிட்ட பிரதி எடுத்துவிட்டு, மாற்றங்களை ஏற்றுக்கொண்டு மேலே போவதே தீர்வு. எத்தனை பக்கம் குறைந்திருக்கிறது என்பதையும் எல்லா மாற்றமும் ஏற்கப்பட்ட பிரதியில் பார்த்தால்தான் கணக்கு நிச்சயம்.

ஃபைல் மெனுவில் வெர்ஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரே கோப்புக்குள் பல பதிப்புகளை வைத்துக்கொள்ளலாம். நல்ல வசதிதான், ஆனால் சேவ் ஆஸ் கொடுத்தால் பழைய பதிப்புகள் புதிய கோப்புக்கு வராது. தெரியாமல் இழந்துவிட வாய்ப்பு அதிகம். தேதி போட்ட தனித்தனிக் கோப்புகளே பாதுகாப்பு. இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் கம்பேர் டாக்குமென்ட் வசதி சின்ன மாற்றங்களை நன்றாகக் காட்டும், அத்தியாயமே இடம் மாறியிருந்தால் குழம்பிவிடும். காட்சிகளை அட்டைகளாகப் பரப்பி வைத்துப் பார்க்கும் பலகை ஸ்க்ரிவனர் என்ற எழுத்தாளர்களுக்கான மென்பொருளில் உண்டு, ரைட்டரில் இல்லை. தலைப்புகளை வெள்ளைத்தாளில் எழுதி நறுக்கி, தரையில் பரப்பினால் அதே பயன்தான். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

கடைசிச் சுற்றுக்குத் தாளில் அச்செடுப்பது அவசியம். திரையில் கண் தாவும் வாக்கியங்கள் தாளில் அகப்படும். ஏ4 தாளில், ஒன்றரை வரி இடைவெளி, வலப்பக்கம் 4 செ.மீ. விளிம்பு, அடியில் பக்க எண்ணும் அத்தியாய எண்ணும். ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ கடையில் கொடுக்கும்போது லேசர் பிரிண்டாகக் கேளுங்கள். இங்க்ஜெட் மை உப்புக்காற்றின் ஈரத்தில் விரல் பட்டாலே இழுபடும். தாளும் அந்த ஈரத்தில் நமத்துச் சுருளும், இரவில் பாலித்தீன் உறைக்குள் வைத்துவிட வேண்டும். திருத்த ஜெல் பேனா வேண்டாம், பால்பாயின்ட் பேனா அல்லது பென்சில் நல்லது. கோப்பில் மாற்றங்களைக் காட்டும் ஷோ வசதியை அணைத்துவிட்டு அச்செடுங்கள், இல்லையென்றால் வெட்டிய வரிகளும் கோடு போட்டபடி தாளில் வந்து பக்கம் வீணாகும். தாளிலும் தப்பிப்போகும் கூறியது கூறலைக் காது பிடிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுளின் வாசிப்புக் குரல் தமிழைப் படிக்கும், தினம் ஒரு அத்தியாயம் கேட்கலாம்.

தாளில் செய்த திருத்தங்களைக் கோப்பில் ஏற்றிய பிறகு தற்காலிகக் காட்சித் தலைப்புகளை எடுக்க வேண்டும். தேடும் பெட்டியில் பாராகிராஃப் ஸ்டைல்ஸ் கட்டத்தை டிக் செய்து இரண்டாம்நிலைத் தலைப்பைத் தேர்ந்தெடுத்து, ஃபைண்ட் ஆல் கொடுத்தால் எல்லாம் ஒன்றாகத் தேர்வாகும். காட்சிப் பிரிவுக்கு நட்சத்திரக் குறி வேண்டிய இடங்களில் முதலில் அதைப் போட்டுக்கொண்டு பிறகு அழியுங்கள்.

அனுப்பும் முன் எடிட் மெனுவில் ட்ராக் சேஞ்சஸுக்குப் போய் அக்செப்ட் ஆல் கொடுத்து, பதிவையும் நிறுத்தி, ஓரக் குறிப்புகளையும் நீக்கிய பிறகே வேர்ட் வடிவத்தில் சேமிக்க வேண்டும். மாற்றங்களைக் கண்ணுக்கு மறைப்பது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. மறைத்து மட்டும் அனுப்பினால், பதிவு ஓடும்போது வெட்டி இன்னும் ஏற்காத வரிகள் எல்லாம் கோப்புக்குள் அப்படியே பதிப்பகத்துக்குப் போகும். அங்கே திறக்கும் கணினியில் அவை கோடு போட்டபடி விரியலாம்.